குழந்தையின் தோலில் ஐந்து ஹீமாஞ்சியோமா: கல்லீரலை எப்போது, எப்படிப் பார்ப்பது?

குழந்தைகள் நலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்தக் கட்டுரை. பெற்றோரும் தாராளமாகப் படிக்கலாம். மருந்தளவு பற்றிய பகுதியை மட்டும் மருத்துவர் இல்லாமல் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

ஏன் ஐந்து?

பெற்றோர் ‘சிவப்பு மச்சம்’ என்று காட்டுவதில் பெரும்பகுதி ஹீமாஞ்சியோமாதான். இரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்கள் பெருகி உண்டாகும் கட்டி இது, புற்றுநோய் அல்ல. நூறு கைக்குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வரும். பெண் குழந்தை, குறைமாதம், எடை குறைவு, இரட்டைப் பிரசவம் என்றால் வாய்ப்பு கூடுதல். பிறக்கும்போது ஒன்றும் தெரியாது, அல்லது வெளிறிய திட்டு ஒன்று மட்டும் இருக்கும். முதல் சில வாரங்களில் சிவந்து மேலெழும். ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை வளர்ச்சி மிக வேகம். மூன்று மாதத்துக்குள் வளர வேண்டியதில் பெரும்பங்கு வளர்ந்துவிடும், ஐந்து மாதவாக்கில் நின்றுவிடும். பிறகு மெல்லச் சுருங்கும். நான்கு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தோலில் நிறைய இருந்தால் உள்ளுறுப்பிலும் இருக்கலாம். அப்படி இருக்கும் இடம் பெரும்பாலும் கல்லீரல்தான். 2011-இல் வெளியான பல மையங்களின் கூட்டு ஆய்வு ஒன்றில் ஐந்தோ அதற்கு மேலோ தோல் ஹீமாஞ்சியோமா இருந்த 151 குழந்தைகளில் 24 பேருக்குக் கல்லீரலிலும் இருந்தது, அதாவது 16 சதவீதம். ஒன்று முதல் நான்கு வரை இருந்த 50 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஐந்து என்ற எண்ணையே வைத்திருக்கிறது.

இந்த எண்ணை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான்கு வாரக் குழந்தைக்கு நான்கு இருக்கிறதென்றால் ‘ஐந்து இல்லை, போய் வாருங்கள்’ என்று அனுப்பக் கூடாது. இரண்டு வாரத்தில் ஆறாகியிருக்கலாம். ஈரல் கையில் தட்டுப்பட்டாலோ, பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்த்தாலோ, தோலில் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுக்க வேண்டியதுதான். மறுபக்கம், ஆறு மாதம் தாண்டி, எடை சரியாக ஏறி, வயிறு மெத்தென்று இருக்கும் குழந்தைக்கு ஆறு புள்ளிகள் இருப்பதைப் பார்த்து அவசர அவசரமாக ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. ஆபத்தான வளர்ச்சிக் காலத்தை அந்தக் குழந்தை கடந்துவிட்டது.

முதல் படி: எண்ணுவது

தவறு அதிகம் நடப்பது ஸ்கேன் அறையில் அல்ல, இங்கேதான். கையிலும் முகத்திலும் தெரிவதை மட்டும் எண்ணிவிட்டு ‘மூன்று’ என்று எழுதிவிடுவார்கள்.

குழந்தையின் உடுப்பு முழுவதையும் கழற்றுங்கள், நாப்கின் உட்பட. அரைஞாண் கயிற்றையும் வளையல், காப்பையும் விலக்கிப் பாருங்கள். கயிற்றுக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் புள்ளி ஒன்று ஒளிந்திருப்பது சர்வ சாதாரணம். கன்னத்திலும் உள்ளங்காலிலும் வைத்த திருஷ்டிப் பொட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மஞ்சளோ பவுடரோ பூசியிருந்தால் அதையும் துடையுங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் உத்தமம். மஞ்சள் பல்பின் கீழ் இளஞ்சிவப்புத் திட்டு கண்ணுக்குத் தெரியாது, மாநிறக் குழந்தைகளிடம் இன்னும் சிரமம்.

எப்போதும் ஒரே வரிசையில் போங்கள்: முடியை வகிடு வகிடாகப் பிரித்து உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், உதட்டின் உட்பக்கம், கழுத்து மடிப்பு, அக்குள், முதுகு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி, விரலிடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால். உடல் வரைபடத்தில் ஒவ்வொன்றையும் குறித்து, ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளவு எழுதுங்கள். சிறியதையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். நோயேட்டில் ‘பல’ என்று எழுதாதீர்கள், ‘ஏழு’ என்று எழுதுங்கள். அடுத்த முறை பார்ப்பவருக்கு ‘பல’ என்பது எதையும் சொல்லாது. பெற்றோர் சம்மதித்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணக் கூடாதவையும் உண்டு. இமை, நெற்றி, பிடரியில் பிறந்த அன்றே இருக்கும் தட்டையான இளஞ்சிவப்புத் திட்டு ஹீமாஞ்சியோமா அல்ல. அழும்போது அது இன்னும் சிவக்கும், ஆனால் மேலெழாது. புட்டத்திலும் இடுப்பிலும் இருக்கும் சாம்பல் நீலத் திட்டு நம் குழந்தைகளில் மிகச் சாதாரணம். அழுத்தினாலும் அது வெளுக்காது. முகத்தின் ஒரு பக்கத்தில் பிறவியிலேயே இருந்து, குழந்தை வளரும் அளவுக்கே வளரும் கருஞ்சிவப்புப் படலம் இரத்தக்குழாய் அமைப்புக் குறை. அதற்கு வேறு வழிமுறை. முதல் வாரத்தில் வந்து தானே மறையும் சிவப்புத் தடிப்புகளையும் விட்டுவிடலாம்.

ஹீமாஞ்சியோமாவை விரலால் மெல்ல அழுத்தினால் ஓரளவு வெளுக்கும், விட்டதும் நிறம் திரும்பும். ஆழத்தில் இருப்பது சிவப்பாகவே தெரியாது. நீலம் பாய்ந்த மெத்தென்ற வீக்கமாக, தொட்டால் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். இதைக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் உடம்பெங்கும் கெட்டியான நீல நிற உருண்டைகள் இருந்தால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். நியூரோபிளாஸ்டோமா (அட்ரினல் போன்ற இடங்களில் தொடங்கும் குழந்தைப் புற்றுநோய்), இரத்தப் புற்று, கருவிலேயே தொற்றிய கிருமி ஆகியவற்றை அன்றைக்கே யோசிக்க வேண்டும்.

இன்னொரு பொறி: முகத்தில் பாதியையோ கீழ்முதுகையோ அடைத்துப் படரும் பெரிய ஒற்றைத் திட்டு. எண்ணிக்கையில் ‘ஒன்று’தான். ஆனால் முகத்தில் படர்ந்தால் மூளை இரத்தக்குழாய்கள், இதயம், கண் ஆகியவற்றையும், கீழ்முதுகில் படர்ந்தால் தண்டுவடத்தையும் சிறுநீர், ஆசனப் பகுதியையும் பார்த்தாக வேண்டும். ஐந்து என்ற கணக்கு அந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

இரண்டாவது படி: கையால் பார்ப்பது

எடையை வளர்ச்சி அட்டையில் குறியுங்கள். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதற்கு மேற்பட்ட கைக்குழந்தைக்கு 50, இதைத் தொட்டால் வேகமான மூச்சு. இதயத் துடிப்பையும் எழுதுங்கள்.

ஈரலைத் தேடும்போது விலா எலும்புக்கு அடியிலிருந்து தொடங்காதீர்கள். மிகப் பெரிதாக வீங்கிய ஈரலின் விளிம்பு இடுப்பருகே இருக்கும். மேலே கை வைப்பவருக்கு எல்லாமே ஒரே மாதிரி கெட்டியாகத் தெரிவதால் ‘ஈரல் தட்டுப்படவில்லை’ என்று எழுதிவிடுவார். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே வாருங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, குழந்தை அம்மா மடியில் பால் குடிக்கும்போது தொட்டால் வயிறு இளகியிருக்கும். கைக்குழந்தைக்கு விலாவுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் வரை ஈரல் தட்டுப்படுவது இயல்பே. ஈரலின் மேல் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். ‘உஸ்’ஸென்ற ஓட்டச் சத்தம் கேட்டால் உள்ளே இரத்தம் குறுக்குவழியில் பாய்கிறது என்று பொருள்.

மூன்றாவது படி: ஸ்கேன்

வயிற்று அல்ட்ராசவுண்டும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் போதும். சி.டி. வேண்டாம், கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ. முதலில் வேண்டாம், அதற்குக் குழந்தையை மயக்க வேண்டும். அல்ட்ராசவுண்டுக்கு மயக்க மருந்தே தேவையில்லை. நீண்ட நேரம் பட்டினி போடவும் வேண்டாம். நமக்குப் பித்தப்பை முக்கியமில்லை. கடைசியாகப் பால் குடித்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் நல்லது. குழந்தை அழுதால் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம், அழுகிற வயிற்றில் டாப்ளர் படம் கலங்கிப்போகும். ஜெல்லை வெந்நீரில் சற்று வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கோரிக்கைச் சீட்டில் ‘வயிறு ஸ்கேன்’ என்று இரண்டே சொல் எழுதினால் பெரியவர்களுக்கான வளைந்த புரோபில் (உடல் மேல் வைக்கும் ஸ்கேன் தலை) ஐந்து நிமிடம் பார்த்து ‘இயல்பு’ என்று வந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் புள்ளிகள் அதில் தவறிப்போகும். இப்படி எழுதுங்கள்: ‘ஏழு வாரக் குழந்தை, தோலில் எட்டு ஹீமாஞ்சியோமா. கல்லீரலில் உள்ளதா? உயர் அதிர்வெண் லீனியர் புரோபிலும் பார்க்கவும். எண்ணிக்கை, அளவு, ஈரல் நீளம், ஈரல் தமனி, ஈரல் சிரைகளின் பருமன், தமனி-சிரை இணைப்பு, அயோர்ட்டா, இரண்டு அட்ரினல் சுரப்பிகள்.’ அயோர்ட்டா (இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி) எதற்கு என்று ரேடியாலஜி அறையில் கேட்பார்கள். ஈரல் இரத்தத்தை இழுத்துக்குடிக்கும் நிலையில், ஈரலுக்குக் கிளை பிரியும் இடம் வரை அயோர்ட்டா பருத்தும் அதற்குக் கீழே சட்டென்று மெலிந்தும் இருக்கும். இதயத்தின் மேல் எவ்வளவு பாரம் என்பதற்கு இது நல்ல அடையாளம். அட்ரினலைக் கேட்பது நியூரோபிளாஸ்டோமாவை விலக்க.

நான்காவது படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

கல்லீரலில் ஒன்றும் இல்லை என்று வந்தால், குழந்தையின் வயதைப் பாருங்கள். மூன்று மாதத்தில் எடுத்தது என்றால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. மூன்றாவது வாரத்தில் எடுத்து, தோலில் புதிதாக இன்னும் முளைத்துக்கொண்டே இருந்தால், வளர்ச்சி உச்சத்தில் இன்னொரு முறை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இருக்கிறது என்று வந்தால், மூன்று வகைகளில் எது என்று பிரிக்க வேண்டும்.

சிதறிய வகை: தனித்தனிக் கோளங்களாக, சுற்றியுள்ள ஈரலைவிடக் கருமையாக, நடுநடுவே நல்ல ஈரலோடு தெரியும். தோலில் பல உள்ள குழந்தையிடம் பெரும்பாலும் காண்பது இதைத்தான். பெரும்பாலும் தொந்தரவே செய்யாது, தோலில் இருப்பதைப் போலவே வளர்ந்து சுருங்கும்.

பரவிய வகை: ஈரலே தெரியாத அளவுக்குக் கட்டிகள் அடைத்திருக்கும். வயிறு உப்பி, உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, மூச்சு திணறும். இதயச் செயலிழப்பும் தைராய்டுக் குறைவும் சேர்ந்து வரலாம். அன்றைக்கே உள்நோயாளியாகச் சேர்த்து, குழந்தை இதய மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் உள்ள மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒற்றை வகை: ஒரே பெரிய கட்டி, பிறக்கும்போதே முழு வளர்ச்சியோடு இருக்கும், சில சமயம் கர்ப்பகால ஸ்கேனிலேயே தெரிந்திருக்கும். பெயர் ஒன்றானாலும் இது வேறு கட்டி. தோல் ஹீமாஞ்சியோமாவில் இருக்கும் குளுட்-1 புரதம் இதில் இருக்காது, ஹீமாஞ்சியோமாவுக்குக் கொடுக்கும் பிராப்ரனலால் மருந்தும் வேலை செய்யாது. பெரும்பாலும் ஒன்றேகால் வயதுக்குள் தானே சுருங்கும்.

பெற்றோர் இணையத்தில் ‘ஈரல் ஹீமாஞ்சியோமா’ என்று தேடி, ‘பெரியவர்கள் பலருக்கும் இருக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று படித்துவிட்டு வருவார்கள். பெரியவர்களின் ஈரலில் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் அது சிரைகளின் அமைப்புக் குறை. குழந்தையிடம் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அடுத்த ஸ்கேனுக்கு வரமாட்டார்கள்.

ஐந்தாவது படி: இரத்தப் பரிசோதனை

ஈரலில் இருந்தால் மட்டுமே இது. தோலோடு நின்றால் தேவையில்லை.

தைராய்டை மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டியின் செல்கள் மூன்றாம் வகை டீஅயோடினேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அது இரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது. சுரப்பி நன்றாக வேலை செய்யும், ஆனால் சுரந்ததைக் கட்டி தின்றுவிடும். 2000-இல்தான் இந்தக் காரணம் முதன்முதலில் விளக்கப்பட்டது. பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்திலோ குதிகால் இரத்தத்திலோ எடுத்த டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாக இருந்தது என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அன்றைக்குக் கட்டியே வளர்ந்திருக்காது. இன்றைக்கு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, டி3 எடுங்கள். ஈரலில் நிறையக் கட்டிகள் இருந்தால் வளர்ச்சி நிற்கும் வரை மாதம் ஒருமுறை எடுங்கள்.

குறைவு வந்து லிவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) தொடங்கினால், பிறவித் தைராய்டுக் குறைவுக்குக் கொடுக்கும் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் அளவு பல சமயம் போதாது. டி.எஸ்.எச். இறங்காததைப் பார்த்து ‘மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தீர்களா’ என்று அம்மாவை அதட்டும் முன் இதை நினைத்துப் பாருங்கள். கொடுத்த மாத்திரையையும் கட்டிதான் தின்கிறது. கட்டி சுருங்கத் தொடங்கியதும் அதே அளவு அதிகமாகிவிடும், குறைக்க வேண்டிவரும்.

ஈரலில் ஒற்றைக் கட்டியாக இருந்தாலோ, படம் சந்தேகமாக இருந்தாலோ ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற இரத்தப் புரதம்) எடுங்கள், ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற ஈரல் புற்றுநோயை விலக்க. ஆய்வகம் ரிப்போர்ட்டில் அச்சிடும் ‘10-க்குள் இயல்பு’ என்பது பெரியவர்களுக்கான எண். பிறந்த குழந்தைக்குச் சராசரி மி.லி.க்கு 48,000 நானோகிராம் வரை இருக்கும், இரண்டு மாதத்தில் முந்நூறு சொச்சம், எட்டு மாதவாக்கில்தான் பத்துக்கு அருகில் வரும். வயதைப் பார்க்காமல் அந்த எண்ணைப் பெற்றோரிடம் சொன்னால் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

இரத்தத் தட்டுகள் குறைந்து, மலத்தில் இரத்தமும் போனால் இது ஹீமாஞ்சியோமாதானா என்றே மறுபடி யோசிக்க வேண்டும். ஊசி போட்டு ஈரல் திசு எடுப்பது கடைசிக் கட்டம். இரத்தம் நிற்காது. சந்தேகம் தீராவிட்டால் அதற்கு முன்பு எம்.ஆர்.ஐ.

ஆறாவது படி: சிகிச்சையும் தொடர்கண்காணிப்பும்

சிதறிய வகை, குழந்தை நன்றாக இருக்கிறது, இதயமும் தைராய்டும் சரி என்றால் மருந்தில்லாமல் கவனிக்கலாம். ஆறு மாத வயது வரை மாதம் ஒரு ஸ்கேன், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டு மறையும் வரை என்பது நடைமுறை. தொந்தரவு தொடங்கினாலோ கட்டி விரைந்து வளர்ந்தாலோ பிராப்ரனலால். பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 2008-இல் தற்செயலாகக் கண்டது இது. அதற்கு முன்பு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து.

கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மி.கி.யில் தொடங்கி, 2 அல்லது 3 மி.கி.க்கு ஏற்றுவது வழக்கம். ஐந்து கிலோ குழந்தைக்குத் தொடக்கம் வேளைக்கு 2.5 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை. நம் ஊரில் பெரும்பாலும் மாத்திரையைக் கரைத்துத்தான் கொடுக்கிறார்கள். 10 மி.கி. மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. நீரில் கலக்கினால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. இருக்கும், ஆக 2.5 மி.லி.யை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். மருந்துக் கடையில் 10-க்குப் பதில் 40 மி.கி. மாத்திரை கொடுத்துவிட்டால் நான்கு மடங்கு உள்ளே போகும். அட்டையை வாங்கி வந்து காட்டச் சொல்லி, கலக்கும் முறையை ஒருமுறை அம்மாவையே செய்யவைத்துப் பாருங்கள். ரெடிமேட் திரவ மருந்து என்றால் புட்டிக்குப் புட்டி செறிவு மாறும். சீட்டில் மி.லி. மட்டும் எழுதாமல் மி.கி.யும் எழுதுங்கள்.

முதல் வேளைக்குப் பிறகும் அளவை ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். குறைமாதத்தைக் கழித்து எட்டு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவமனையில் சேர்த்துத் தொடங்குவதே நல்லது. ஏற்கெனவே இதயம் களைத்திருக்கும் குழந்தைக்கு எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

பெரிய ஆபத்து சர்க்கரை இறங்குவது. பால் குடித்த கையோடு மட்டுமே மருந்து. ஆறு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நான்கு மாதம் வரை ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள்ளும் பால் கொடுத்தாக வேண்டும், இரவிலும்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, பால் குடிக்க மறுப்பது, மூச்சிளைப்பு இவற்றில் எது வந்தாலும் அந்த வேளையை நிறுத்திவிட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள். பாட்டிமார் ‘தூங்குற பிள்ளையை எழுப்பாதே’ என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எழுப்பத்தான் வேண்டும். பாட்டியையும் அறைக்குள் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

பெற்றோரிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை

6, 10, 14-ஆவது வாரத் தடுப்பூசி நாட்கள் ஹீமாஞ்சியோமாவின் வளர்ச்சிக் காலத்தோடு அப்படியே பொருந்துகின்றன. எப்படியும் துணி கழற்றும் நாள். அன்றைக்கு மறுபடி எண்ணி, தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் தேதியும் எண்ணிக்கையும் எழுதிவிடுங்கள். குழந்தை ஸ்டீராய்டு வாங்குகிறது என்றால் ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: பால் குடிக்கும்போது தலை வியர்ப்பது, இரண்டு உறிஞ்சுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் வயிறு மட்டும் உப்புவது, அழுகைக் குரல் கரகரப்பது, வழக்கத்துக்கு மாறான தூக்கமும் மலச்சிக்கலும், தீராத மஞ்சள் காமாலை, மலத்தில் இரத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். வரும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட், படங்கள், மருந்து அட்டை எல்லாவற்றையும் எடுத்து வர வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர் இந்தக் குழந்தையை முதன்முறையாகப் பார்ப்பவராக இருக்கலாம்.